ஜெர்மனியில் நிதானமான, பசுமையான வாழ்க்கை: புதிதாகக் குடியேறுபவர் எதை எப்போது செய்ய வேண்டும்?

குறைவாக வாங்கி, குறைவாக எறிந்து, கொஞ்சம் மெதுவாக வாழ வேண்டும் என்ற ஆசையோடு ஜெர்மனிக்கு வரும் தமிழர்கள் பலர். வந்தபின் அவர்களைத் திணற வைப்பவை காகிதங்களும் காலக்கெடுக்களும்தான். தோட்டத்துக்குக் காத்திருப்போர் பட்டியல், மின்சார ஒப்பந்தத்துக்கு மீட்டர் எண், வேலை நேரத்தைக் குறைக்க மூன்று மாத முன்னறிவிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நான் லைப்சிக்கில் வசிக்கிறேன். இதையெல்லாம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். பசுமை வாழ்க்கை என்றதும் மூங்கில் பல்துலக்கி, கண்ணாடி ஜாடி, துணிப்பை எனப் பட்டியல் போட்டு வாங்கத் தொடங்கிவிடாதீர்கள். வீட்டைச் சூடாக்குவது, பயணம், சாப்பாடு, புதிதாக வாங்கும் பொருள்கள் ஆகிய நான்கும்தான் நாம் பூமியின்மேல் ஏற்றும் சுமையின் பெரும்பகுதி. கவனத்தை அங்கே வையுங்கள்.

1. முதல் இரண்டு வாரம்: முகவரிப் பதிவு, உடனே இரண்டு பட்டியல்கள்

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்பது இதுதான். பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம், வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று ஆகியவை தேவை. இந்தச் சான்றின் பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்'. வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தாலும் இது தனியாக வேண்டும்.

பொறி இங்கேயே தொடங்குகிறது. தற்காலிக அறை வாடகைக்கு விடும் சிலர் இந்தச் சான்றைத் தர மறுப்பார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, "பதிவுக்கான சான்று தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். பெரிய நகரங்களில் அலுவலக நேரம் கிடைப்பதே கடினம். வீடு உறுதியானதும், குடிபுகும் முன்பே நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

பதிவுச் சான்று கைக்கு வந்த அதே வாரம் இரண்டு இடங்களில் பெயர் கொடுங்கள். ஒன்று, உங்கள் பகுதியின் சிறுதோட்டச் சங்கம். இன்னொன்று, அருகிலுள்ள கூட்டுப் பண்ணை. இரண்டையும் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். காத்திருப்பு நீளம் என்பதால் பெயரை மட்டும் இப்போதே கொடுத்து வைக்கச் சொல்கிறேன். பெர்லின், மூனிக் போன்ற நகரங்களில் தோட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். "முதலில் ஊர் பழகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த ஆண்டுகளும் சேர்ந்தே தள்ளிப்போகும்.

2. சாவி வாங்கும் நாள்: மீட்டர், மின்சாரம், சமையலறை

வீட்டை ஒப்படைக்கும்போது ஒரு குறிப்பேடு எழுதுவார்கள். மின்மீட்டரின் எண், அன்றைய அளவு, அறைச் சூடேற்றிகளின் அளவு, சுவரிலும் ஜன்னல் ஓரத்திலும் இருக்கும் கறைகள் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த ஒப்பந்தமும் போடாமல் விளக்கைப் போட்டாலே, அந்தப் பகுதியின் அடிப்படை மின் வழங்குநரோடு ஒப்பந்தம் ஏற்பட்டதாகச் சட்டம் கொள்ளும். அந்தக் கட்டணம் பெரும்பாலும் அதிகம். இரண்டு வார முன்னறிவிப்பில் அதிலிருந்து வெளியேறலாம். 2025 ஜூன் 6 முதல் ஒரு விதி மாறியிருக்கிறது. குடிபுகுந்த நாளுக்குப் பின்தேதியிட்டு மின் ஒப்பந்தத்தைப் பதிய இனி முடியாது. ஆகவே குடிபுகுவதற்கு ஓரிரு வாரம் முன்பே புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தரும் நிறுவனத்தைத் தேர்ந்து ஒப்பந்தம் போடுங்கள். மீட்டர் எண்ணையோ, வீட்டின் மின் இணைப்பை அடையாளம் காட்டும், 11 இலக்கம் கொண்ட 'மார்க்ட்லோகாட்சியோன்ஸ்' எண்ணையோ கேட்பார்கள். வீட்டு உரிமையாளரிடமிருந்து அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'பசுமை மின்சாரம்' என்று எல்லா நிறுவனமும் விளம்பரம் செய்யும். 'க்ரூனர் ஷ்ட்ரோம்' அல்லது 'ஓகே பவர்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். புதிய உற்பத்தி நிலையங்கள் வருவதற்கு அந்த நிறுவனம் ஏதாவது செய்கிறதா என்று பார்த்தே அந்த முத்திரைகளைத் தருகிறார்கள். ஒப்பீட்டுத் தளங்களில் மலிவாகத் தெரியும் விலைக்குள் முதலாண்டு ஊக்கத்தொகை ஒளிந்திருக்கும். இரண்டாம் ஆண்டு விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

பால்கனி தெற்கு, மேற்கு, கிழக்கு ஏதேனும் ஒரு திசையைப் பார்த்து இருந்தால் சிறு சூரியத் தகடு வைக்கலாம். இன்வெர்ட்டர் 800 வாட் வரை, தகடுகள் 2000 வாட் வரை அனுமதி. 2023 முதல் இதற்கு விற்பனை வரி இல்லை. விலை சில நூறு யூரோவில் முடிந்துவிடும். 2024 அக்டோபர் முதல் தகுந்த காரணம் இல்லாமல் உரிமையாளர் மறுக்க முடியாது. ஆனாலும் எழுத்து மூலம் கேட்டுச் சம்மதம் பெற்ற பிறகே மாட்ட வேண்டும். இயங்கத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் மத்திய மின்சந்தைப் பதிவேட்டில் இணையம் வழியாகப் பதியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. சில நகரங்கள் மானியம் தருகின்றன. விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கும் முன்பே தகட்டை வாங்கிவிட்டால் அந்தப் பணம் பல இடங்களில் கிடைக்காது. மானியக் கடிதம் முதலில், கடைக்குப் போவது பிறகு.

சமையலறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை வெறும் சுவராகத்தான் இருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது. புதிதாகப் போட்டால் ஆயிரக்கணக்கான யூரோ. முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையை விட்டுச்செல்லத் தயாராக இருப்பார். அதை விலைபேசி வாங்குவது பணத்துக்கும் நல்லது, மரத்துக்கும் நல்லது. என்னென்ன பொருள், எத்தனை ஆண்டு பழையது, என்ன விலை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். விற்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா, அது வீட்டு உரிமையாளரின் சமையலறையா என்பதையும் வாடகை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. குளிர்காலத்துக்கு முன்: சூடும் காற்றும்

நம் சமையல் நீராவி மிகுந்தது. சோறு, சாம்பார், இட்லி என்று நாள் முழுக்க ஆவி எழும். காற்றுப் புகாத ஜெர்மன் ஜன்னல்களுக்குள் அது சுவரில் ஈரமாகப் படிந்து பூஞ்சையாகும். பூஞ்சை வந்தால் வைப்புத்தொகையிலிருந்து பிடித்தம் செய்ய முயல்வார்கள்.

ஜன்னலை லேசாகச் சாய்த்து நாள் முழுக்க வைக்காதீர்கள். சுவர் குளிர்ந்துவிடும், சூடும் வீணாகும். அறைச் சூடேற்றியை மூடி, ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் காற்று வீசவிட்டு மூடுங்கள். இதை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, சமைத்த உடனே ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள். சூடேற்றியின் திருகில் 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. அறை சீக்கிரம் சூடாகட்டும் என்று 5இல் வைப்பதால் வேகம் கூடாது. நிறுத்த மறந்தால் செலவுதான் கூடும்.

வெப்பச் செலவுக்கான ஆண்டுக் கணக்கை, கணக்காண்டு முடிந்த 12 மாதத்துக்குள் உரிமையாளர் தர வேண்டும். கணக்கு வந்தபின் ஆட்சேபம் எழுப்ப உங்களுக்கும் 12 மாதம் உண்டு. மூல ரசீதுகளைக் காட்டச் சொல்லும் உரிமையும் உண்டு. வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராக ஆண்டுக்கு நூறு யூரோவைச் சுற்றி ஆகும். கணக்கு வந்தபின் சேரலாம் என்று இருக்காதீர்கள். சங்கத்தின் வழியாகக் கிடைக்கும் வழக்குச் செலவுக் காப்பீடு சேர்ந்த உடனே நடைமுறைக்கு வருவதில்லை, அதற்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

4. குப்பை: சமையலறையில் நான்கு பாத்திரம்

நிறங்கள் ஊருக்கு ஊர் சற்றே மாறும். பொதுவாக மஞ்சளில் பொதி உறைகள், நீலத்தில் காகிதம், பழுப்பில் காய்கறித் தோல், கறுப்பில் மீதி. கண்ணாடிப் புட்டிகளுக்குத் தெருமுனையில் வெள்ளை, பச்சை, பழுப்பு எனத் தனித்தனித் தொட்டிகள் இருக்கும். நீலப் புட்டி பச்சைக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் கண்ணாடி போடக் கூடாது, நேரம் தொட்டியிலேயே எழுதியிருக்கும்.

அடிக்கடி குழம்பும் இடங்கள் சில. உடைந்த டம்ளர், அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஆகியவை கண்ணாடித் தொட்டிக்குப் போகக் கூடாது, கறுப்புக்குத்தான். கடை ரசீதும் எண்ணெய் படிந்த அட்டைப் பெட்டியும் காகிதத்தில் சேராது. 'மக்கும் பை' என்று விற்கும் நெகிழிப் பைகளைப் பல நகராட்சிகள் பழுப்புத் தொட்டியில் ஏற்பதில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிப் போடுங்கள். 2025 மே முதல் உயிர்க்கழிவில் நெகிழி கலப்பது குறித்த விதி கடுமையாகியிருக்கிறது. நெகிழி கலந்திருந்தால் தொட்டியை எடுக்காமல் விட்டுப் போகலாம், அந்தச் செலவு மொத்தக் கட்டடத்தின் தலையில் விழும். வடை, பஜ்ஜி பொரித்த எண்ணெயைக் குழாயில் ஊற்றாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் காகிதத்தில் ஊறவைத்துக் கறுப்பில் போடலாம். நிறைய சேர்ந்தால் நகராட்சியின் மறுசுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

'ஃபாண்ட்' எனும் புட்டி முன்பணம், காலிப் புட்டியைக் கடையிலுள்ள இயந்திரத்தில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். ஒருமுறை பயன்படும் நெகிழிப் புட்டிக்கும் கேனுக்கும் 25 சென்ட். பீர்ப் புட்டி போன்ற மறுபயன்பாட்டுக் கண்ணாடிக்கு 8 சென்ட், மறுபயன்பாட்டுத் தண்ணீர்ப் புட்டிக்கு 15 சென்ட். முன்பணம் அதிகமுள்ள புட்டி மேலானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். 8, 15 சென்ட் புட்டிகள்தான் கழுவப்பட்டு மீண்டும் நிரப்பப்படுபவை. புட்டியை நசுக்கினால் இயந்திரம் முத்திரையைப் படிக்காது. என் கருத்தில் தண்ணீருக்குப் புட்டியே வேண்டாம். இங்கே குழாய்த் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கிறது.

5. பொருள்கள்: முதல் மாதத்தில் வாங்காமல் இருங்கள்

மெத்தை, பாத்திரம், குளிர் உடுப்பு தவிர வேறெதையும் முதல் மாதம் புதிதாக வாங்காதீர்கள். வீட்டு வாசல்களில் 'இலவசம்' என்ற பொருள்பட 'சு ஃபெர்ஷெங்கன்' என்று எழுதிய பெட்டிகளைப் பார்ப்பீர்கள். அதிலிருந்து எடுப்பது இங்கே இழிவல்ல, அன்றாட வழக்கம். தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய பொருள் கடைகள், பழைய பொருள் விளம்பரத் தளங்கள், குழந்தைகளுக்கான வசந்தகால, இலையுதிர்காலச் சந்தைகள் மூன்றும் சேர்ந்தால் ஒரு வீட்டை நிரப்பப் போதும். வளரும் குழந்தையின் பனிக்காலணியைப் புதிதாக வாங்குவது ஒரு குளிர்காலத்துக்கு மட்டுமே பயன்படும் செலவு.

விளம்பரத் தளத்தில் பேசும்போது வேறு செயலிக்கு வரச்சொல்லி, 'பணம் பெற இங்கே அழுத்துங்கள்' என்று இணைப்பு அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். நேரில் பார்த்து, கையில் பணம் கொடுத்து, பொருளை எடுத்து வாருங்கள்.

பழுதான மின்கருவிகளைப் பழுதுநீக்கும் கூடங்களுக்கு எடுத்துச்செல்லலாம். தன்னார்வலர்கள் உங்களோடு உட்கார்ந்து திறந்து பார்ப்பார்கள், விரும்பியதை உண்டியலில் போடலாம். நம் ஊர் மிக்ஸியைக்கூடக் கொண்டுபோகலாம். சரிசெய்ய முடியாத சிறு கருவிகளை, 25 சென்டிமீட்டருக்கு உட்பட்டதாக இருந்தால், மின்கருவி விற்கும் பெரிய கடைகளும் பெரிய பல்பொருள் அங்காடிகளும் இலவசமாக ஏற்க வேண்டும். நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

6. சைக்கிள், ரயில்

பழைய சைக்கிள் ஒன்று நூறிலிருந்து முந்நூறு யூரோவுக்குக் கிடைக்கும். விற்பவரின் பெயர், சட்டக எண், விலை எழுதிய சிறு ஒப்பந்தம் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுச் சைக்கிள் என்று தெரியவந்தால் சைக்கிளும் போகும், பணமும் போகும். முன்விளக்கு, பின்விளக்கு, மணி, பிரதிபலிப்பான் கட்டாயம். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் 55 யூரோ அபராதம், சிவப்பு விளக்கைத் தாண்டினால் 60 யூரோவிலிருந்து தொடங்கும். பிறருக்கு நேரும் சேதத்துக்கான தனிநபர் பொறுப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள்.

நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. அதிவேக ரயில்களிலும் தொலைதூர விரைவு ரயில்களிலும் செல்லாது. இது சந்தா. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாத இறுதியோடு நிற்கும். நிறுவனம் பங்களித்தால் நீங்கள் கட்டுவது 44.10 யூரோவாகக் குறையும். வேலையில் சேரும்போதே மனிதவளத் துறையிடம் கேளுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறிய ஆறு மாதம் வரை செல்லும். பிறகு இங்கே தேர்வு எழுதி எடுக்க ஆயிரக்கணக்கான யூரோ ஆகிறது. டிராம் ஓடும் நகரத்தில் வசித்தால் அவசரப்பட வேண்டாம். அதே பணத்தில் பல ஆண்டுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

7. சாப்பாடு: கூட்டுப் பண்ணையும் பெட்டியில் வரும் பொருள்களும்

'சோலாவி' என்று சுருக்கி அழைக்கப்படும் கூட்டுப் பண்ணையில், ஒரு விவசாயியின் ஆண்டுச் செலவை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். விளைச்சலும் பகிரப்படுகிறது. ஒரு பங்குக்கு மாதம் எண்பது, நூறு யூரோ அளவில் ஆகும், பண்ணையைப் பொறுத்து மாறும். ஒப்பந்தம் ஓராண்டுக்கு. பல பண்ணைகளில் ஆண்டு வசந்தத்தில் தொடங்குவதால் டிசம்பர், ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். ஊருக்குப் போகும் மாதத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அந்த வாரங்களின் பங்கை நண்பருக்குக் கொடுங்கள். ஒரே ஆளுக்கு முழுப் பங்கு அதிகம், பாதிப் பங்கு கேளுங்கள்.

குளிர்காலத்தில் முட்டைக்கோஸ், நூல்கோல், பீட்ரூட், கேரட், பூசணி என்றுதான் வரும். நமக்கு இது கஷ்டமே இல்லை. கூட்டு, பொரியல், சாம்பார் மூன்றும் இவற்றில் அருமையாக அமையும். ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் வரும் பீன்ஸைத் தேடி வாங்குவதைவிட, இங்கே விளையும் நூல்கோலைச் சாம்பாரில் போடுவது சுவைக்கும் நல்லது.

ஊரிலிருந்து கொண்டுவருவதில் கவனம் வேண்டும். நெய், பால்கோவா, பன்னீர் போன்ற பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பெட்டியில் கொண்டுவரத் தடை இருக்கிறது. கறிவேப்பிலைக் கன்று, பச்சைக் கறிவேப்பிலை, நடுவதற்கான விதை, மாம்பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். 2019 டிசம்பர் முதல் இப்படி. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பாட்டி தந்த விதை என்று அன்போடு கொண்டுவந்தாலும் சுங்கத்தில் பறிபோகும். பூச்சியும் நோயும் பரவாமல் தடுக்கும் விதி இது, மதிக்க வேண்டியது. உலர்ந்த மசாலாப் பொடிகளுக்குத் தொல்லை இல்லை.

8. சிறுதோட்டம்: இதற்காகக் காத்திருக்கலாம்

'க்ளைன்கார்டன்' என்பது சங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுக்கும் துண்டு நிலம். 1983ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இதை ஒழுங்குபடுத்துகிறது. நிலம் 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள குடில், கூரையிட்ட திண்ணையையும் சேர்த்து 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கே குடியிருக்க முடியாது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் பழமும் காய்கறியும் விளைய வேண்டும். வெறும் புல்வெளி போட்டால் சங்கம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும்.

படிகள் இவை. முதலில் நகரத் தோட்டச் சங்கங்களின் கூட்டமைப்பிலும், நேராகச் சில சங்கங்களிலும் விண்ணப்பம் கொடுங்கள். ஒரே இடத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அடுத்து, ஒரு ஞாயிறு மாலை அந்தத் தோட்டங்களுக்குள் நடந்துபோங்கள். அறிவிப்புப் பலகையில் காலி நிலங்கள் எழுதியிருக்கும். வேலியோரம் நிற்பவரிடம் பேசுங்கள். முதியவர்கள் நிலத்தை விடுவது இப்படித்தான் தெரியவரும். குத்தகை ஆண்டு பெரும்பாலும் நவம்பரில் முடிவதால், இலையுதிர் காலத்தில் கைமாற்றம் அதிகம். சங்கத் தலைவர் நேரில் பேச அழைப்பார். உங்கள் ஜெர்மன் தடுமாறினாலும் பரவாயில்லை. "காய்கறி நடப்போகிறேன், சங்கத்தின் பொதுவேலை நாள்களில் வருவேன்" என்று சொல்ல முடிந்தால் போதும். பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, வங்கி எண் கொண்டுபோங்கள்.

செலவு இரண்டு வகை. குடில், மரங்கள், வேலி ஆகியவற்றுக்கு முன்பு வைத்திருந்தவருக்குத் தரும் தொகை ஒருமுறை மட்டும், சில நூறிலிருந்து பல ஆயிரம் வரை. இதை மதிப்பீட்டாளர் ஒருவர் கணக்கிட்டு எழுத்தில் தருவார். அந்தத் தாள் இல்லாமல் யார் கேட்கும் விலையையும் கொடுக்காதீர்கள். இன்னொன்று ஆண்டுச் செலவு. குத்தகை ஒரு சதுர மீட்டருக்குச் சென்ட் கணக்கில்தான். உறுப்பினர் கட்டணம், தண்ணீர், மின்சாரம், காப்பீடு எல்லாம் சேர்த்து முந்நூறு, நானூறு யூரோ அளவில் முடியும். இதற்குமேல் ஆண்டுக்குச் சில மணி நேரம் பொதுவேலை உண்டு. செய்யாத மணி நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். நான் சொல்வேன், போய்ச் செய்யுங்கள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த நல்ல நட்புகள் அந்தச் சனிக்கிழமைகளில்தான் பிறந்தன.

கையெழுத்துக்கு முன் குடிலின் கூரையைப் பாருங்கள். பழைய குடில்களில் நெளிவுக் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அகற்றும் செலவு பிறகு உங்களுடையது. மதிப்பீட்டுத் தாளில் அது குறிப்பிடப்பட வேண்டும். அளவு மீறிய குடில், சட்டத்துக்குப் புறம்பான கழிவுத் தொட்டி, வளரக் கூடாத பெரிய காட்டுமரம் இருந்தாலும், விட்டுப்போகும்போது அகற்றச் சொல்வார்கள்.

நடுவதில் பொறுமை வேண்டும். மே மாத நடுவில் பனி திரும்பும் நாள்கள் உண்டு. அதற்கு முன் தக்காளியையும் மிளகாயையும் வெளியே வைக்காதீர்கள். தண்ணீர்க் குழாயைக் குளிர்காலத்தில் சங்கமே அடைத்துவிடும். மார்ச் முதல் செப்டம்பர் முடிய வேலிச்செடியை ஆழமாக வெட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை, பறவைகள் கூடு கட்டும் காலம். மல்லியும் வெந்தயமும் மளிகைக் கடைப் பொட்டலத்திலிருந்தே முளைக்கும். தண்டுக்கீரை கோடையில் தழைக்கும். வெண்டைக்கும் சுரைக்கும் கண்ணாடிக் கூடம் வேண்டும். முருங்கை வெளியில் பிழைக்காது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

9. வேலை நேரத்தைக் குறைப்பது: விசாவைப் பார்த்த பிறகே

நிதானமான வாழ்க்கைக்கு நேரம் வேண்டும். ஜெர்மனியில் அதைக் கேட்கச் சட்ட உரிமை இருக்கிறது. நிறுவனத்தில் 15 பேருக்கு மேல் வேலை செய்ய வேண்டும், நீங்கள் ஆறு மாதத்துக்கு மேல் பணியாற்றியிருக்க வேண்டும், தொடங்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும், மின்னஞ்சல் போதும். எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள் என்று தெளிவாக எழுதுங்கள். தொடங்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்புவரை நிறுவனம் எழுத்தில் மறுக்காவிட்டால், நீங்கள் கேட்டபடியே ஏற்றதாகச் சட்டம் கொள்ளும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. இப்படிக் குறைத்தபின் முழுநேரத்துக்குத் திரும்பும் உத்தரவாதம் இல்லை. 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் 'ப்ரூக்கன்டைல்ட்சைட்' கேளுங்கள். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை குறைத்து, பிறகு பழைய நேரத்துக்கே திரும்பலாம். குடியேறியவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். வேலையிழப்பு உதவியும் ஓய்வூதியமும் குறைந்த சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும் என்பதால் திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரியது விசா. நீல அட்டை, அதாவது பட்டதாரி வேலையாளர்களுக்கான வதிவு அனுமதி, வைத்திருப்பவருக்கு ஆண்டுச் சம்பளக் கீழ்வரம்பு உண்டு. 2025இல் அது 48,300 யூரோ, 2026இல் 50,700 யூரோ. ஆள்பற்றாக்குறைத் தொழில்களுக்கும் அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கும் 2026இல் 45,934.20 யூரோ. வரி பிடிக்கும் முன் உண்மையில் தரப்படும் மொத்தச் சம்பளம்தான் கணக்கு. முழுநேரத்துக்கு 60,000 யூரோ வாங்கும் ஒருவர் வாரம் நான்கு நாளுக்குக் குறைத்தால் 48,000 ஆகிவிடும். பொது வரம்புக்குக் கீழே போய்விட்டார். நிறுவனம் மகிழ்ச்சியாகச் சம்மதித்தாலும் அட்டை ஆபத்தில் விழும். இதை எவரும் உங்களுக்கு எச்சரித்துச் சொல்லமாட்டார்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஜெர்மன் படியுங்கள். நீல அட்டைக்காரருக்கு ஜெர்மனில் பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில், ஏ1 எனும் தொடக்கநிலை மட்டும் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மாதங்களுக்கு ஓய்வூதியப் பங்களிப்புச் சான்று, சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம் தேவைப்படும். கட்டணம் 113 யூரோ. வெளிநாட்டவர் அலுவலகம் பதில் தர மாதங்கள் எடுக்கலாம். நிரந்தர உரிமை கைக்கு வந்தபின் அந்தச் சம்பள வரம்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. அதுவரை பொறுக்க முடியாத குடும்பச் சூழல் இருந்தால், குறைப்பதற்கு முன்பே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, எழுத்தில் பதில் பெறுங்கள். மொழிப் படிப்பில் செலவிடும் ஒரு குளிர்காலம் பிற்பாடு வாரம் ஒரு நாளாகத் திரும்பி வரும்.

10. ஊருக்குப் போய்வருவது: அரிதாக, நீண்ட நாள்

சென்னைக்கு ஒருமுறை போய்த் திரும்பும் விமானப் பயணம், வீட்டில் ஆண்டு முழுக்கக் குறைத்த கரியமில வாயுவின் பயனைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். அப்பா அம்மாவைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்லும் மனம் எனக்கில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை பத்து பத்து நாள் ஓடிப்போவதற்குப் பதில் ஒரே முறை ஆறு வாரம் போய் இருங்கள். பெற்றோருக்கும் அதுதான் நிறைவு.

வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் விடுப்பு, ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அதிகம் இருக்கும். மிஞ்சிய நாள்களை அடுத்த மார்ச் 31க்குள் எடுக்கும்படி சேர்த்துக்கொள்ளலாமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சம்பளமில்லா விடுப்பையும் சேர்க்கலாம். அது ஒரு மாதத்தைத் தாண்டினால் வேலைவழி மருத்துவக் காப்பீடு நின்றுவிடும், நீங்களே கட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் வதிவு அனுமதி தானாகவே காலாவதியாகும். நீல அட்டைக்கு 12 மாதம். அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு இடைக்காலச் சான்றோடு பயணம் செய்பவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் அந்தச் சான்றில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறது என்று பாருங்கள். வதிவுச் சட்டம் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் அந்தச் சான்றை மட்டும் வைத்து ஜெர்மனிக்குள் திரும்ப நுழைய முடியாது. புதிய அட்டை கைக்கு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு டிக்கெட் எடுங்கள்.